குடும்பத்தோடு சறுக்கி வர வேண்டும்

எங்கள் காலனிக்கும் டவுனுக்கும் நடுவில் பங்குனி மாதம் ஒரு பனிமலை வந்து நின்றது. அதற்கு முன்னால் அந்த இடத்தில் சீமைக்கருவேலங்காடுதான் இருந்தது. விடிகாலையில் நான் குடத்தோடு போனபோது மலை உச்சியில் வெயில் பட்டு வெள்ளை வெளேரென்று இருந்தது. குழாயடியில் நின்றவர்கள் மலைக்கு இடம் விட்டு வரிசையைக் கொஞ்சம் வளைத்துக்கொண்டார்கள். நானும் போய்க் கடைசியில் நின்றேன். அன்றைக்குத் தண்ணீர் நன்றாக வந்தது.

மலைக்கு மேலே போக ஷேர் ஆட்டோ விட்டார்கள். இறங்குவதற்கு ஆட்டோ இல்லை. இறக்கிவிடுவது மலைதான், அதற்கு நாங்கள் எப்படிக் கை நீட்டிக் காசு வாங்குவது என்று ஆட்டோக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். நியாயமான பேச்சு. அதனால் டவுனில் வேலை உள்ளவர்கள் எல்லோரும் காலில் நீளக் கட்டை கட்டிக்கொண்டு பனியில் சறுக்கி இறங்கப் பழகினார்கள்.

எங்கள் வீட்டில் நாலு பேர். நான், இவர், எங்கள் மகள் செவ்வந்தி, இவருடைய அப்பா. அவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். இவருக்குக் காலனிப் பக்கமே பஞ்சு மில்லில் மூட்டை தூக்குகிற வேலை. மாமாவுக்கு டீக்கடை வரைக்கும்தான் போக்குவரத்து. நான் வீட்டில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டுகிறவள். எங்களுக்கு மலையால் ஒரு தொந்தரவும் இல்லை. செவ்வந்திக்கு ஐந்து வயது முடிந்தபோதுதான் நாங்கள் மலையை நிமிர்ந்து பார்த்தோம்.

மலை வருவதற்கு முன்பே டவுனில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு அவளைக் கூட்டிப் போயிருந்தேன். அங்கே பிள்ளையிடம் ஒன்றும் கேட்கவில்லை. என்னிடம் கேட்டார்கள், இங்கிலீஷில். நான் அஞ்சாவதோடு நின்றவள். தமிழில் கேட்டாலே எனக்கு வாய் வராது. குனிந்து தரையைப் பார்த்தேன். தரையை நன்றாகத் துடைத்திருந்தார்கள். இடம் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

பிறகு மலையின் அந்தப் பக்கத்து அடிவாரத்தில் புதிதாக ஒரு பள்ளிக்கூடம் வந்தது. அங்கே பெற்றவர்களுக்குக் கேள்வி கிடையாது. பள்ளி திறக்கிற அன்றைக்குக் குடும்பம் மொத்தமும் உச்சியிலிருந்து ஒன்றாகச் சறுக்கி வந்து மைதானத்தில் நிற்க வேண்டும். ஆள் குறையக் கூடாது, மாறக் கூடாது, கூடவும் கூடாது. அவ்வளவுதான். படிப்பு, சம்பளம், சாதி எதுவும் கேட்க மாட்டார்கள். இதைக் கேட்டதும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இப்படி ஒரு பள்ளிக்கூடம் நடத்துகிறவர்கள் நன்றாக இருக்கட்டும் என்று விளக்கு ஏற்றினேன். இதுவும் போனால் செவ்வந்தி என் பக்கத்தில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டுவாள். அவளுக்கு இப்போதே பசை காய்ச்சத் தெரியும்.

ஆகவே நாங்கள் நாலு பேரும் சறுக்கப் படிக்க வேண்டியிருந்தது. யாரிடம் படிப்பது என்பதுதான் பேச்சாக இருந்தது.

முதலில் டிரைவிங் ஸ்கூல்காரரைப் பார்த்தோம். கார் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர், மலை வந்ததும் கட்டைக்கு மாறிவிட்டார். படிக்கிறவர் முதுகில் சிவப்பு எழுத்தில் எல் போர்டு மாட்டி, பின்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வருவார். பிரேக் அவர் காலில் இருக்கும். கடைசியில் பனியில் எட்டுப் போட்டுக் காட்ட வேண்டும். நல்ல முறைதான். ஆனால் அவர் கற்றுத்தருவது ஒரு வீட்டில் ஒரு ஆளிடம்தான் தங்கும். மாமா கற்றுக்கொண்டு வந்து, அடுத்து இவர் கற்கத் தொடங்கினால், மாமாவுக்கு மறந்துபோகும். அதை அவர் ஒளிக்காமல் சொன்னார். தனி ஆள் என்றால் வாங்க, குடும்பம் என்றால் நமக்குச் சரிப்படாது என்றார். இவர் சரி என்று சொல்லி, தனி ஆளாகச் சேர உள்ளே போகப் பார்த்தார். நான் சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

இவர் அப்படித்தான். யார் வாங்க என்றாலும் போய்விடுவார். எங்களுக்குக் கல்யாணம் ஆனதே அப்படித்தான். பக்கத்து வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தவரை, வாசலில் நின்ற எங்கள் அப்பா மரியாதைக்கு வாங்க என்றிருக்கிறார். இவர் எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டார். அந்த ஒரு வார்த்தைக்காக நான் இன்றைக்கும் அப்பாவை நினைத்துக்கொள்கிறேன்.

அடுத்து டியூஷன் சென்டர். வாசலில் பெரிய பிளக்ஸ். முதல் மார்க் வாங்கிச் சறுக்கியவர்களின் படங்கள் அதில் வரிசையாக இருந்தன. ஆண்களுக்கு ஒரு சரிவு, பெண்களுக்கு ஒரு சரிவு, பிள்ளைகளுக்கு ஒன்று, சர்க்கரை வியாதி உள்ள பெரியவர்களுக்கு ஒன்று. சனிக்கிழமை தோறும் பரீட்சை. மாமாவுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. தன் படமும் பிளக்ஸில் வரும் என்று மீசையைக்கூடக் கொஞ்சம் ஒதுக்கிக்கொண்டார்.

எனக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. பக்கத்து வீட்டு வள்ளித்தாய் அக்காவின் வீட்டுக்காரர் அங்கே படித்தவர். விசாரிக்கலாம் என்று போனேன். அக்கா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"நல்லாத்தான் சொல்லிக் குடுத்தாங்க மாரிக்கனி. அவருதான் முதல் மார்க். உச்சியில இருந்து ஒரே வீச்சுல இறங்கினாரு. இறங்கி, வேற ஒரு குடும்பத்தோட போயிட்டாரு."

தனித்தனியாகப் படித்தவர்களுக்கு மலையில் சொந்த ஆட்களை அடையாளம் தெரியாமல் போகும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அந்தக் குடும்பத்தில் ஓர் ஆள் குறைந்திருந்ததாம். அவர்களும் குறை சொல்ல முடியாதபடி வைத்துக்கொள்கிறார்களாம். வருஷப்பிறப்புக்கு வந்து, அக்காவிடம் விருந்தாளி மாதிரி தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, பாயசம் நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனாராம். அக்கா இதைச் சொல்லும்போது கீரையில் காம்பு ஒன்றுகூட விழவில்லை. பிறகு தலை நிமிராமலே, "எஸ்தர் டீச்சர்னு ஒருத்தங்க இருக்காங்க. வீட்டுக்கே வந்து மொத்தமாச் சொல்லிக் குடுப்பாங்க. ஆனா மலைப்பக்கமே கூட்டிட்டுப் போகமாட்டாங்களாம்" என்றார்.

எஸ்தர் டீச்சர் மறுநாளே வந்தார். மலையின் நிழல் விழுகிற பக்கத்தில் குடியிருப்பவர், அதனால் சித்திரை மாதத்திலும் ஸ்வெட்டர் போட்டிருந்தார். கையில் நாலடுக்கு டிபன் கேரியர். என்ன கொடுக்க வேண்டும் என்று இவர் கேட்டதற்கு, டீச்சர் அண்ணாந்து கூரையைப் பார்த்தார். ஆஸ்பெஸ்டாஸ் தானே என்று கேட்டார். மத்தியானம் எப்படி இருக்கும் என்று கேட்டார். உள்ளே உட்கார முடியாது என்று மாமா சொன்னார்.

"அந்த வெக்கையைக் குடுங்க, போதும். எங்க வீட்டுல இட்லி மாவு புளிக்க மாட்டேங்குது."

இவர் சரி என்றார். ஆனால் இவர் எல்லாவற்றுக்கும்தான் சரி என்பார். மாமா பிளக்ஸைப் பற்றி இன்னொரு தடவை சொன்னார். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. கதவைப் பிடித்துக்கொண்டு, "டீச்சரே வரட்டும் மாமா" என்றேன். மாமா ஒதுக்கிய மீசையை ஒரு தடவை தடவிக்கொண்டார். பிறகு, தாயி சொன்னா சரி என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து நான் சொல்லி ஒரு காரியம் நடந்தது அதுதான் முதல் தடவை. மாமாவுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

எஸ்தர் டீச்சரின் பாடத்தில் பனி கிடையாது. நாலு பேரும் காலையில் எழுந்ததும் கட்டையைக் கட்டிக்கொள்ள வேண்டும், படுக்கும்போதுதான் அவிழ்க்க வேண்டும். எங்கள் வீடு ஓர் அறையும் ஓர் அடுப்படியும். அதில் நாலு ஜோடி நீளக் கட்டை. ஒருவர் திரும்ப வேண்டுமானால் மற்ற மூன்று பேரும் திரும்ப வேண்டும். நான் தாளிக்கக் கடுகு எடுக்கத் திரும்பினால், செவ்வந்தி ஜன்னலுக்கும், மாமா வாசலுக்கும், இவர் சாமி படத்துக்கும் திரும்புவார்கள். டீச்சர் முக்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். இடித்துக்கொண்டால் ஒன்றும் சொல்ல மாட்டார். இடித்துக்கொள்ளாமல் ஒரு வேளைச் சாப்பாடு முடிந்தால், சறுக்கு என்பது இதுதான் என்பார்.

இவர் மில்லுக்கும் கட்டையோடு போனார். மேஸ்திரி ஒன்றும் சொல்லவில்லை, சாய்தளம் இருக்கிற குடோனுக்கு மாற்றிக் கொடுத்தார். மாமா கட்டையோடு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததில் எதிர் பெஞ்சுக்காரர்கள் காலை மடக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. பெரிய மனுசன் காலு எவ்வளவு நீளம் பாரு என்று கேலி செய்தார்களாம். மாமா அதைச் சந்தோஷமாக வந்து சொன்னார்.

மத்தியானம் டீச்சர் கேரியரைப் பிரித்து வைப்பார். கூரையின் வெக்கை அடியடுக்கில் இறங்கும். சிமெண்ட் தரையின் வெக்கை அதற்கு மேலே. சுவருக்கும் பீரோவுக்கும் இடையில் தேங்கி நிற்பது மூன்றாவதில். நாலாவது அடுக்கில் தொட்டித் தண்ணீரின் சூடு. மூடி போட்டுக் கொக்கியை மாட்டிவிட்டால், எங்கள் வீடு சாயங்காலம் வரை ஜில்லென்று இருக்கும். செவ்வந்திக்கு வேர்க்குரு போய்விட்டது. நாங்கள்தான் அவருக்குக் கொடுக்கிறோம் என்று பேச்சு, ஆனால் எடுத்துக்கொண்டு போனதே எங்களுக்குப் பெரிய கொடையாக இருந்தது. ஒருநாள் அந்த வெக்கையில் புளித்த மாவில் இட்லி ஊற்றி எடுத்து வந்தார். பூ மாதிரி இருந்தது.

பள்ளி திறக்க ஒரு வாரம் இருக்கையில் டீச்சர் வரிசையைச் சொன்னார். செவ்வந்தி முன்னால், அடுத்து மாமா, அடுத்து இவர், கடைசியில் நான். கடைசியில் வருகிறவர்தான் குரல் கொடுக்க வேண்டும் என்றார். யாராவது விலகினால் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும்.

நான் அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டேன். டீச்சர் கட்டையைத் தாண்டித் தாண்டி என் பின்னால் வந்தார். என்னை நடுவில் போடுங்கள் என்று கெஞ்சினேன். இவர் பெயரை நான் சொன்னதே இல்லை, எங்கள் பக்கத்தில் சொல்லுகிற வழக்கமும் இல்லை, சத்தம் போட்டு யாரையும் கூப்பிட்டதும் இல்லை என்றேன். குழாயடியில்கூட என் முறை வந்தால் அடுத்தவர்தான் சொல்ல வேண்டும்.

"நடுவுல நிக்கிறவளுக்கு முதுகு ஒண்ணுதான் தெரியும் மாரி. கடைசியில நிக்கிறவளுக்குத்தான் குடும்பம் முழுசாத் தெரியும்" என்றார் டீச்சர்.

தண்ணீர்த் தொட்டிக்குள் தலையை விட்டுக் கூப்பிட்டுப் பழகச் சொன்னார். பழகினேன். குரல் தொட்டியிலேயே தங்கிவிட்டது. மறுநாள் மாமா குளிக்க மொண்டு ஊற்றியபோது அது வெளியே வந்தது. என்ன தாயி கூப்பிட்டியா என்று சோப்பு நுரையோடு கேட்டார். இல்லை மாமா என்றேன்.

திறக்கிற நாள் வந்தது. ஆட்டோவில் உச்சிக்குப் போனோம். நிறையக் குடும்பங்கள் நின்றன. குளிருக்கு ஆண்கள் எல்லோரும் ஒரே கடையில் ஒரே நிறத்தில் மங்கி குல்லா வாங்கிப் போட்டிருந்தார்கள். கண் மட்டும்தான் தெரிந்தது, அதன் மேலும் கறுப்புக் கண்ணாடி. எலுமிச்சம்பழம் விற்கிற அம்மா ஒருவர் கூடையோடு உட்கார்ந்திருந்தார். புது வண்டிக்குச் செய்கிற மாதிரி, ஒவ்வொரு கட்டைக்கு அடியிலும் ஒரு பழம் வைத்து, மாமா சூடம் காட்டினார். பனியில் சூடம் நின்று எரிந்தது. பழத்தை நசுக்கிக்கொண்டு புறப்பட்டோம்.

முதல் பாதி நன்றாகப் போனது. எனக்கு மூன்று முதுகும் தெரிந்தது. செவ்வந்தி இடது பக்கம் சாய்ந்தால் மாமா சாய்ந்தார், மாமா சாய்ந்தால் இவர் சாய்ந்தார், நானும் கடுகு டப்பாவை எட்டுகிற மாதிரி சாய்ந்தேன். மாமாவின் வேட்டி பாய்மரம் போலப் புடைத்தது. அப்போது எங்களுக்கு வலப்பக்கம் இன்னொரு குடும்பம் இறங்கி வந்தது. பெரிய குடும்பம். அதில் ஒரு பெரியவர் எங்கள் பக்கம் பார்த்து, மரியாதைக்காக, வாங்க மாப்பிள்ளை என்றார்.

இவர் போய்விட்டார்.

மாமாவுக்கும் எனக்கும் நடுவில் ஓர் ஆள் அகலத்துக்கு வெறும் பனி ஓடியது. நான் செவ்வந்தியைப் பார்த்தேன். அவள் திரும்பாமல் பள்ளிக்கூடத்தைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தாள். கூப்பிட வேண்டும். பெயர் நெஞ்சு வரை வந்தது, அதற்கு மேல் அதற்கு வழி தெரியவில்லை. எனக்குத் தெரிந்த மாதிரிதான் கூப்பிட்டேன்.

"ஏங்க."

மலையில் இருந்த வீட்டுக்காரர்கள் எல்லோரும் திரும்பினார்கள்.

எல்லாச் சறுக்கும் நின்றது. அங்கங்கே சரிவில் இருந்தவர்கள் கட்டையைப் பக்கவாட்டில் வைத்து, படி ஏறுவதுபோல மெதுவாக என்னை நோக்கி ஏறி வந்தார்கள். வந்து என் முன்னால் வரிசையாக நின்றார்கள். எல்லோருக்கும் ஒரே குல்லா, ஒரே கண்ணாடி. மூட்டை தூக்குகிற தோளை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று பார்த்தேன். எங்கள் பக்கத்தில் முக்கால்வாசிப் பேர் மூட்டை தூக்குகிறவர்கள். யாரும் அவசரப்படுத்தவில்லை. யார் கையைப் பிடித்தாலும் என்னோடு வந்திருப்பார்கள், சண்டை ஒன்றும் வந்திருக்காது. ஆனால் ஆள் மாறினால் செவ்வந்திக்கு இடம் கிடையாது.

வீட்டில் இவரிடம் நான் தினமும் பேசுகிற பேச்சைத் தவிர என்னிடம் வேறு ஒன்றும் இல்லை. அதையே கேட்டேன்.

"வீட்டைப் பூட்டினீங்களா?"

பூட்டிட்டேன் என்றார் முதலில் நின்றவர். பூட்டிட்டேன் என்றார் அடுத்தவர். ஒருவர், ரெண்டு தடவை இழுத்துப் பார்த்தேன் என்றார். ஒருவர், பூட்டு ரிப்பேர், சணல் போட்டுக் கட்டியிருக்கேன் என்றார். அதற்கு அடுத்தவர் கொஞ்சம் யோசித்தார். "வீட்டுல வள்ளி கீரை ஆய்ஞ்சுக்கிட்டு இருப்பா. எதுக்குப் பூட்டணும்?" என்றார். சொல்லிவிட்டு அப்படியே திரும்பி, காலனிப் பக்கம் போகிற சரிவைத் தேடிப் போனார்.

வரிசையின் கடைசியில் இருந்து ஒரு சலிப்பான குரல் வந்தது.

"சாவி உங்கிட்டதானே இருக்கு?"

ரவிக்கைக்குள் தொட்டுப் பார்த்தேன். இருந்தது. போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். மற்றவர்கள், சரிம்மா வரோம் என்று சொல்லிவிட்டு அவரவர் குடும்பத்துக்கு இறங்கிப் போனார்கள். கீழே சில இடங்களில் பெண்கள் ஏசுகிற சத்தம் கேட்டது.

செவ்வந்தியும் மாமாவும் மைதானத்துக்குக் கொஞ்சம் மேலே நின்றுகொண்டிருந்தார்கள். அம்மா சத்தம் போட்டுச்சு, அதான் நின்னோம் என்றாள் செவ்வந்தி. நாலு பேரும் வரிசையாகி, ஒன்றாகச் சாய்ந்து, ஒன்றாக மைதானத்தில் போய் நின்றோம்.

தலைமை ஆசிரியை குடை நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எங்களை எண்ணிப் பார்த்தார். முகத்தையும் ஒரு தடவை பார்த்தார். நான் குனிந்து தரையைப் பார்த்தேன். பனியில் எலுமிச்சம்பழச் சாறு எங்கள் கட்டையோடு வந்து மஞ்சளாகக் கிடந்தது.

"கூப்பிட்டது இங்க வரைக்கும் கேட்டுச்சு" என்றார். "எங்க பியூனும் கல்யாணம் ஆனவர். எழுந்து மேல போனவர் இன்னும் வரல. மணி அடிக்க ஆள் இல்லை."

மாமா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு போய் மணியை அடித்தார். செவ்வந்தி கட்டையை அவிழ்த்து என்னிடம் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள். முதல் வரிசையில் உட்கார்ந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த பிள்ளையிடம் என்னவோ சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தாள்.

அன்றைக்குச் சாயங்காலம் வள்ளித்தாய் அக்கா ஒரு கிண்ணத்தில் பாயசம் கொடுத்துவிட்டார். எஸ்தர் டீச்சர் பாடம் முடிந்த பிறகும் மத்தியானங்களில் கேரியரோடு வருகிறார். எடுத்துக்கொண்டு போங்கள் டீச்சர், உங்களுக்கு இல்லாததா என்று நானே முன்னால் போய்ச் சொல்கிறேன். இட்லி கொண்டு வந்தால் மாமா ஆறு சாப்பிடுகிறார்.

அடுத்த வாரம் பள்ளியில் சீருடை கொடுத்தார்கள். கடலில் தைத்தது. நல்ல நீலம், அசல் துணி. கழுத்துப் பக்கம் அமைதியாக இருந்தது, பாவாடை ஓரத்தில் சின்னச் சின்னதாக அலை அடித்துக்கொண்டிருந்தது. செவ்வந்திக்குக் கொஞ்சம் நீளம். வெட்டினால் வீணாகும், அடுத்த வருஷத்துக்கும் ஆகட்டும் என்று ஓரத்தை உள்ளே மடித்துத் தைத்தேன். மடிப்புக்குள் ஒரு குட்டி மீன் அகப்பட்டுக்கொண்டது. அது போய் வர இரண்டு விரல் இடம் விட்டு, மீதியைத் தைத்து முடிச்சுப் போட்டேன்.